உருண்டை ஓடும் பள்ளம்

பொற்கொடி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் தெய்வசிகாமணி அவளிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. அவள் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருப்பதே கண்ணில் படாதவர் போல நடந்துகொள்வார், அவ்வளவுதான். வரைந்து முடித்த ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றி மேசை ஓரத்தில் வைத்தால், அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நேரம் பார்த்து வந்து எடுத்துப் போவார். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் முதலாளி சிவப்பிரகாசத்திடம் போய், "அந்தப் பொண்ணு இந்த ஓட்டைக்கு ஆழம் போடல" என்பார். முதலாளி வந்து பொற்கொடியிடம் கேட்பார். பதிலும் அதே வழியில் சுற்றிக்கொண்டு போகும். அவளுடைய கம்ப்யூட்டர் அறைக்கும் அவருடைய மெஷினுக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான்.

நெய்வேலி நகரியத்தின் ஆர்ச்சைத் தாண்டி வடலூர் போகும் சாலையில் இருந்தது அந்தப் பட்டறை. இரண்டு லேத், கம்ப்யூட்டர் சொல்கிற வழியில் வெட்டும் ஒரு சிஎன்சி மில்லிங் மெஷின், தகரக் கூரை. தேய்ந்துபோன, உடைந்துபோன பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைப் போலவே புதிதாகச் செய்து கொடுப்பார்கள். அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் உருவம் வரைவது பொற்கொடி. அந்த உருவத்தைப் பார்த்து மெஷினுக்கு வழி போட்டு இரும்பில் வெட்டி எடுப்பது தெய்வசிகாமணி.

அவர் ஏன் பேசவில்லை என்பது பொற்கொடிக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். இருவரும் ஒரே ஊர். நிலக்கரிச் சுரங்கம் விரிந்தபோது அந்த ஊர் காலியாகி, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். தெய்வசிகாமணியின் குடும்பத்துக்கு அங்கே நஞ்சையும் புஞ்சையும் இருந்தன. பொற்கொடியின் அம்மா சின்னம்மாள் அந்த நஞ்சையில் நடவு நட்டவள், களை பறித்தவள். அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனால் கூப்பிடு தூரத்திலேயே நின்றுவிடுவாள். பால் மணம் மாறாத பிள்ளைகூட அவளை "அடியே சின்னம்மா" என்று கூப்பிடும். ஊர் போனது, நிலம் போனது. தெய்வசிகாமணியின் அண்ணனுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை கிடைத்தது. தம்பியான இவருக்குக் கிடைக்கவில்லை, மெஷின் பழகிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். ஊரில் இருந்தது எல்லாம் மண்ணுக்குள் போனாலும் சில பழக்கங்கள் ஆளோடு ஆளாக வண்டி ஏறி வந்துவிடுகின்றன.

பொற்கொடியின் அப்பா கண்ணையன் காண்டிராக்ட் கூலியாகச் சுரங்கத்தில் மண் அள்ளியவர். மகளைப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க வைத்தார். "புள்ளைங்க எல்லாம் கம்ப்யூட்டர் எடுக்குது, நீ ஏண்டி இரும்ப எடுக்குற?" என்று சின்னம்மாள் கேட்டதற்கு, "இங்க எதுடி இரும்பு இல்லாம ஓடுது?" என்றார். படிப்பு முடிந்த வருடமே மனுஷன் போய்விட்டார். மெக்கானிக்கல் படித்த பெண்ணுக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கொடுக்கவில்லை. நகரியத்தின் மெயின் பஜாரில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து, குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு முப்பரிமாண உருவம் வரையச் சொல்லிக் கொடுத்தாள். அங்கேதான் அவளுக்கே அவளுடைய சாமர்த்தியம் தெரிந்தது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிப் பார்ப்பாள். பின்பக்கம் எப்படி இருக்கும், நடுவில் வெட்டினால் என்ன தெரியும் என்பதெல்லாம் அவளுக்குள்ளே ஓடும். பஸ்ஸில் போகும்போது முன்சீட்டுக் கம்பியை மனசுக்குள் வரைந்துகொண்டு போவாள்.

இடையில் செங்குட்டுவனோடு கல்யாணம் நடந்தது. அவன் சுரங்கத்தில் காண்டிராக்ட் எலக்ட்ரீஷியன். இந்திரா நகரில் வாடகை வீடு. சின்னம்மாளும் அவர்களோடு வந்து இருந்தாள். சென்டரை மூடியபோது சிவப்பிரகாசம் ஆள் தேடுவதாகச் செங்குட்டுவன்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னான். வேலை கிடைத்தது. முதல் வாரமே வீட்டுக்கு வந்து, "அம்மா, அங்க மெஷின் ஓட்டறது யாரு தெரியுமா?" என்று பெயரைச் சொன்னாள்.

சின்னம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஆண்ட வூட்டுப் புள்ளையா? பார்த்து நடந்துக்கடி. எதுத்து ஒண்ணும் பேசிப்புடாத."

"அங்க ஆண்டையெல்லாம் இல்ல. ஆப்பரேட்டர்."

"அது உனுக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணுமே" என்றாள் சின்னம்மாள்.

2016ஆம் வருடம் மாசி மாதம், காடாம்புலியூரிலிருந்து ஜானகியம்மாள் என்பவர் ஒரு சாக்கு மூட்டையோடு பட்டறைக்கு வந்தார். முந்திரிக் கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்கும் தொழிற்கூடம் நடத்துகிறவர். கணவர் இறந்தபின் தனியாளாகக் கட்டிக் காத்து வருகிறார். மூட்டையைப் பிரித்தால் உள்ளே தொடை கனத்தில் ஒரு இரும்பு உருளை. அதன் மேல் ஒரு பள்ளம் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து உருளையைச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தது.

"பருப்ப ரகம் பிரிக்கிற சல்லடை இருக்குதுல்ல, அத ஆட்டற உருளைங்க இது" என்றார் ஜானகியம்மாள். "இந்தப் பள்ளத்துல ஒரு இரும்பு உருண்டை ஒக்காந்துகினு இருக்கும். உருளை சுத்துனா உருண்டை இப்பிடி அப்பிடி போவும். அதோட சேந்து சல்லடையும் போவும். இப்ப பள்ளம் தேஞ்சிபோய் உருண்டை துள்ளிகினு கெடக்குது. செஞ்ச கம்பெனியே இப்ப இல்லைங்க. அறுவடை வர்றதுக்குள்ள ஓடணும். ரகம் பிரிக்காம மூட்டை போட முடியாது."

கையோடு அந்த உருண்டையையும் கொண்டுவந்திருந்தார். பெரிய கோலிக்குண்டு அளவு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. பொற்கொடி வெர்னியரை வைத்து அளந்தாள். சரியாக இருபது எம்எம்.

அன்றைக்கு அவளுக்கு இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. போல்ட்டும் புஷ்ஷும் வரைந்து வரைந்து அலுத்திருந்த கைக்கு இது விருந்து. உருளையைச் சுற்றி வெள்ளைத் தாளை இறுக்கி ஒட்டி, அதன் மேல் பென்சிலால் தேய்த்தாள். பள்ளத்தின் இரண்டு கரையும் தாளில் கறுப்பாக விழுந்தன. தாளைப் பிரித்து மேசையில் விரித்தபோது ஓர் அலை கிடைத்தது: கொஞ்ச தூரம் நேராகப் போய், சட்டென்று சரிவாக ஏறி, மறுபடி நேராகப் போய், சட்டென்று இறங்கியது. நேராக இருக்கும் இடத்தில் சல்லடை நிற்கும். சரிவான இடத்தில் ஒரு வெட்டு வெட்டி நகரும். அதனால்தான் பருப்பு குலுங்கிப் பிரிகிறது. இயந்திரத்தைப் பார்க்காமலே அது ஆடுவது அவளுக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டரில் உருளையை எழுப்பி, அந்த அலையை அதன் மேல் சுற்றி ஒட்டினாள். பிறகு உருண்டையின் அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, அந்த வட்டத்தை அலை போகும் வழியெல்லாம் இழுத்து, இழுத்த இடத்தையெல்லாம் வெட்டி எடுக்கச் சொன்னாள். திரையில் பள்ளம் பளபளவென்று விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அடேங்கப்பா, பொற்கொடி! அப்படியே அச்சா இருக்குதே" என்றார் அவர்.

ஃபைல் பென்டிரைவில் ஏறியது. பென்டிரைவ் மேசை ஓரத்துக்குப் போனது. அவள் தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் காணாமல் போனது.

வெட்டுவதற்கு எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. மெஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடியும் முடியவில்லை, மறுநாளும் ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உருளை மெல்லச் சுழல்வதும், கட்டர் முன்னும் பின்னும் நூல் நூலாகச் சுரண்டுவதும் தெரிந்தன. ஏன் இத்தனை நேரம் என்று ஒரு நினைப்பு வந்தது. எழுந்து போய்க் கேட்கலாம். யாரிடம் கேட்பது? முதலாளி அன்றைக்குக் கடலூர் போயிருந்தார். விட்டுவிட்டாள்.

உருளையைப் பொருத்தும் அன்று சிவப்பிரகாசம் அவளையும் காடாம்புலியூருக்கு அழைத்துப் போனார். தெய்வசிகாமணி தன் பைக்கில் வந்தார். தொழிற்கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு எல்லோர் விரலும் கறுத்திருந்தது. "இந்தப் பொண்ணுதான் படம் போட்டு செஞ்சிதாம்" என்று யாரோ சொல்ல, கையை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். சாமியம்மாள் என்ற வயதான பெண் எழுந்தே வந்துவிட்டாள். "எந்த ஊரும்மா நீ? எங்க பொண்ணுங்க மாதிரியே இருக்கிற" என்று கேட்டு, எண்ணெய்க் கை படாமல் முழங்கையால் அவள் தோளைத் தொட்டாள்.

தெய்வசிகாமணி உருளையைப் பொருத்தி, உருண்டையைப் பள்ளத்தில் வைத்து மூடினார். சுவிட்சைப் போட்டார்கள். சல்லடை நின்றது, நகரப் பார்த்தது, திணறியது. உள்ளே எலும்பு நெரிவது போல ஒரு சத்தம். உருண்டை பள்ளத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்து மூடியைப் பிளந்துகொண்டு தெறித்தது. சல்லடை ஒரு பக்கமாகச் சாய, அதிலிருந்த பருப்பெல்லாம் தரையில் கொட்டியது.

பெண்கள் வந்து தரையில் குந்திப் பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். ஜானகியம்மாள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது. "சரி, இன்னும் கொஞ்ச நாளைக்குக் கையாலயே பிரிக்கச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிவப்பிரகாசம் திரும்பினார். "என்னா தெய்வசிகாமணி இது?"

"எனக்கு வந்தத வெட்டியிருக்கேன். வந்தது எப்பிடியோ அப்பிடித்தான் வரும்" என்றார் அவர். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

பொற்கொடிக்குக் காது இரண்டும் சுட்டது. குனிந்து பருப்பு பொறுக்க உட்கார்ந்தாள். சாமியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வுடும்மா, மெஷினுன்னா அப்பிடித்தான். எங்க கையி அப்பிடி தெறிக்கறதில்ல, அவ்ளோதான்" என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தெறித்த உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், பாதியில் எழுந்து அந்த உருண்டையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதைச் சுற்றித் தடிமனாக மாவை அப்பினாள். உருண்டையைப் பாதி வரைக்கும் மாவில் அமுக்கி, அந்த அலை போன வழியிலேயே இழுத்தாள்.

"பசிக்குதுன்னு சொன்னேன், நீ வெளையாடிகினு இருக்கிற" என்றான் செங்குட்டுவன். நைட் ஷிப்ட் முடித்து வந்தவன்.

"இரு" என்றாள்.

மாவில் விழுந்த பள்ளம் நேரான இடத்திலும் சரிவான இடத்திலும் ஒரே அகலமாக இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் உருண்டை உருண்டைதான். அதற்கு முன்புறம் பின்புறம் கிடையாது. அவள் வரைந்த வட்டம் அப்படியல்ல. அது தட்டையானது. அதற்கு முகம் உண்டு. வழி திரும்பும்போது வட்டமும் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவளுடைய வட்டம் திரும்பவில்லை. ஒரே பக்கம் பார்த்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. நேரான இடத்தில் குறை தெரியாது. சரிவான இடத்தில் பள்ளம் ஒடுங்கிப் போயிருக்கும்.

"அய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் மாவு.

"என்னாடி ஆச்சு?" என்று ஓடிவந்தாள் சின்னம்மாள்.

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். பால் கட்டர் போற வழிய நான் தப்பா போட்டுட்டேன்."

"பால் கட்டரா? பால எதுக்குடி வெட்டறாங்க?"

செங்குட்டுவன் வாய்விட்டுச் சிரித்தான். முனை பந்து மாதிரி உருண்டையாக இருக்கும் வெட்டு உளி அது என்று அவன்தான் மாமியாருக்கு விளக்கினான். சின்னம்மாளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, மகள் "நான்தான் தப்பு" என்றது நன்றாகப் புரிந்தது. "அவருகிட்ட போயி அப்பிடிச் சொல்லிகினு நிக்காத. எளக்காரமா பூடும்" என்றாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, கழற்றிக் கொண்டுவந்திருந்த உருளையை அளந்தாள். நேரான இடத்தில் இருபது. சரிவான இடத்தில் பதினாலு. நினைத்தது சரிதான். ஆனால் அங்கேயே இன்னொரு கேள்வி முளைத்தது. உருண்டையின் அளவுக்குப் போட வேண்டிய இருபது எம்எம் கட்டர் பதினாலு எம்எம் இடுக்குக்குள் எப்படிப் போனது? போயிருக்கவே முடியாது. வேறு கட்டர் போட்டிருக்கிறார். அதனால்தான் இரண்டு நாள் சுரண்டியது.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பொற்கொடி மெஷின் பக்கம் நடந்தாள். லேத்தில் நின்றிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். தெய்வசிகாமணி கட்டரின் சூடு தணிக்கும் கூலண்டை மெஷினில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த உருளைக்கு என்னா கட்டர் போட்டீங்க?"

அவர் கேனைக் கீழே வைக்கவில்லை. கேனைப் பார்த்தபடியே, "பன்னெண்டு" என்றார்.

"இருவது போட வேண்டியதுதான?"

"போட்டுப் பாத்தேன். எறங்கல. பள்ளத்தோட ஒதட்டத் திங்குதுன்னு ஸ்கிரீன்ல செவப்பா காட்டுச்சி. அதான் சின்னது போட்டு சொரண்டி எடுத்தேன்."

"இருவது உருண்டை ஓடற பள்ளத்துல இருவது கட்டர் எறங்கலன்னா படம் தப்புன்னுதான அர்த்தம்? அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவள் குரல் உயரவில்லை. குறை சொல்லும் தொனிகூட இல்லை. நிஜமாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டாள். அதுதான் அவரை என்னவோ செய்தது. லேத் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் எல்லோர் காதும் இங்கேதான் இருந்தது. தெய்வசிகாமணி கேனை வைத்தார். துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். பிறகு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

பொற்கொடி நேராக முதலாளியிடம் போனாள். "சார், தப்பு என்னோடது. வட்டத்த நான் சரியா திருப்பல. சரிவுல பள்ளம் ஒடுங்கிப் போச்சு. புதுசா வரையறேன்."

சிவப்பிரகாசத்துக்கு முகம் சுருங்கியது. "ஒரு முழு ஜாப் வீணாப் போச்சேம்மா. நல்ல பேரு வேற போச்சு" என்றார். கொஞ்சம் கடுமையாகவே இரண்டு வார்த்தை சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு எம்எம் கட்டரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நிழல் நின்றது. தெய்வசிகாமணி. அவள் உள்ளே இருக்கும்போது அவர் அந்தக் கதவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"மொதலாளிகிட்ட, தப்பு ஒன்னுதுன்னு மட்டும் சொன்னியாமே."

"ஆமாங்க. படம் போட்டது நான்தான."

"பன்னெண்டு போட்டத சொல்லல?"

"அது நான் சொல்ற விஷயமில்லண்ணா. நீங்கதான் சொல்லணும்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய ஆள், அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து வாசலில் நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி இருந்தார். பிறகு போய்விட்டார். சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை, சிவப்பிரகாசம் வந்து சாமி படத்துக்குப் பத்தி காட்டி முடிக்கும் வரை காத்திருந்து, எல்லோரும் இருக்கும்போதே தெய்வசிகாமணி சொன்னார். "மொதலாளி, அந்த உருளை வெட்டும்போதே எனக்குத் தெரிஞ்சிது, ஏதோ சரியில்லன்னு. கட்டர மாத்தி ஓட்டிட்டேன். கேட்டிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருக்கலாம்."

"ஏன்யா கேக்கல?"

தெய்வசிகாமணி கண்ணாடித் தடுப்பை ஒரு தடவை பார்த்தார். "கேட்டிருக்கணும். கேக்காதது தப்புதான்" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சிவப்பிரகாசமும் விவரம் தெரிந்தவர். ஏன் என்று தோண்டவில்லை.

பொற்கொடி மறுபடி வரைய உட்கார்ந்தாள். வட்டத்தை வழிக்கு ஏற்றாற்போல் திருப்பச் சொன்னால், வளைவு வரும் இடங்களில் கம்ப்யூட்டர் அதைத் துணி பிழிவது போல முறுக்கிவிட்டது. அதைச் சரிசெய்தால் வேறொரு இடத்தில் மடிந்தது. கடைசியில் வட்டத்தையே தூக்கிப் போட்டாள். வட்டத்துக்குப் பதிலாக ஒரு முழு உருண்டையையே, கட்டரின் முனை எப்படியோ அப்படியே, கெட்டியான உருவமாகச் செய்து, அதை அந்த வழியில் இழுத்து வெட்டச் சொன்னாள். கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியது. இரண்டு தடவை அப்படியே நின்றுபோய், அணைத்துப் போட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை வேலையைக் கொடுத்துவிட்டு, திரையைப் பார்க்கவே பயந்துகொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றாள். திரும்பி வந்தபோது பள்ளம் விழுந்திருந்தது. எந்த இடத்தில் குறுக்கே அளந்தாலும் இருபது.

"அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

அவர் வந்தார். வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "அங்கேர்ந்து தெரியாதுங்க" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு கணம் தயங்கிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு வேலை அவரை இழுத்துக்கொண்டது. ஆள் யார், நாற்காலி யாருடையது என்பதெல்லாம் மறந்துபோய்த் திரையில் விரலை வைத்தார்.

"எனக்கு இந்தப் பள்ளமே வாணாம். உருண்டையோட நடுப்புள்ளி போற கோடு இருக்குதுல்ல, அத மட்டும் குடு. கட்டர அந்தக் கோட்டுல வுட்டா பள்ளம் தானா வந்துடும்."

"அப்ப நான் ராப்பகலா மாரடிச்சதெல்லாம்?"

"அது சரியா வருதான்னு பாக்கறதுக்கு வேணுமில்ல. இல்லாங்காட்டி மறுபடியும் தெறிச்சிகினு ஓடும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கட்டரை எங்கே இறக்குவது என்று இரண்டு பேரும் பேசினார்கள். சரிவில் இறக்கினால் வடு விழும், சல்லடை நிற்கிற நேரான இடத்தில் இறக்கலாம் என்றாள் அவள். அவருக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

இந்தத் தடவை மெஷின் இரண்டு நாள் சுரண்டவில்லை. இருபது எம்எம் கட்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் இறங்கி, ஒரே வழியில் சுற்றிச் சுற்றி வந்தது. பொற்கொடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காரவில்லை; மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கூலண்ட் தெறித்துப் புடவையெல்லாம் வெள்ளைப் புள்ளி. மத்தியானத்துக்குள் முடிந்தது. தெய்வசிகாமணி உருண்டையைப் பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்திக்கொள்ள, அவள் உருளையைக் கையால் சுழற்றினாள். நேர் வந்தது, சரிவு வந்தது, மறுபடி நேர் வந்தது. விரலுக்கடியில் உருண்டை எண்ணெயில் போவது போலப் போனது.

காடாம்புலியூரில் சுவிட்சைப் போட்டபோது பொற்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டக், டக் என்று சீராக ஒரு சத்தம். கண்ணைத் திறந்தாள். சல்லடை நின்றது, வெட்டியது, நின்றது, வெட்டியது. முழுப் பருப்பு மேலே தங்க, உடைந்தது கீழே விழுந்தது. சாமியம்மாள் கறுத்த கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். ஜானகியம்மாள் ஒரு பை நிறைய வறுத்த முந்திரி கொண்டுவந்து பொற்கொடி கையில் கொடுத்து, "வேற எடத்துக்கும் சொல்றேன், பண்ருட்டி பக்கமெல்லாம் இந்த உருளைக்கு அல்லாடிகினு கெடக்கறாங்க" என்றார்.

சொன்னபடியே செய்தார். அடுத்தடுத்த வருடங்களில் முந்திரிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக உருளையோடு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் அலை வேறு, உருண்டை வேறு. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் நூல் சுற்றும் மெஷினின் உருளையைக் கொண்டுவந்தார். பள்ளம் வெட்டிய உருளை என்றாலே சிவப்பிரகாசம் பட்டறை என்று பெயராகிவிட்டது. பென்டிரைவ் அதற்குப் பிறகு மேசை ஓரத்தில் கிடக்கவில்லை. கைக்குக் கை போனது. தெய்வசிகாமணி கதவைத் தட்டிவிட்டு, "ஏம்மா பொற்கொடி, இதக் கொஞ்சம் பாரு" என்று உள்ளே வந்துவிடுவார். சில நாள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, முதலாளி வந்து விலக்கிவிட வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லாமே மாறிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தெய்வசிகாமணி பட்டறையில் பத்திரிகை வைத்தபோது, லேத்துக்காரர்களுக்கு வைத்தார், முதலாளிக்கு வைத்தார். பொற்கொடிக்கு வைக்கவில்லை. அன்றைக்கு முழுதும் கண்ணாடிப் பக்கம் வரவும் இல்லை. "வீட்டுல பெரியவங்க இருக்காங்க, அவரு என்ன பண்ணுவாரு" என்று செங்குட்டுவன் சமாதானம் சொன்னான். "என்ன வேணா பண்ணலாம்" என்றாள் பொற்கொடி. அந்த வருத்தம் அவளுக்கு இருந்தது, இருக்கிறது.

2018 ஐப்பசியில் ஒரு நாள் பொற்கொடி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்துவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. சின்னம்மாள் ஆட்டோ பிடித்து டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவளை முதலில் கண்டது தெய்வசிகாமணிதான்.

கண்டதும் சின்னம்மாள் செருப்பை உதறினாள். தலைக்குப் போட்டிருந்த முந்தானையை இறக்கித் தோளைச் சுற்றிக்கொண்டு, வாசற்படியை விட்டு மழையிலேயே ஒதுங்கி நின்றாள். நினைத்துச் செய்ததில்லை, உடம்பு தானாகச் செய்தது.

பொற்கொடி கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தாள். எழுந்து ஓடுவதற்குள் தெய்வசிகாமணி வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கும் ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு உள்ளே திரும்பி, லேத் பக்கத்திலிருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, மழை படாத இடமாகப் பார்த்துப் போட்டார்.

"மழையில ஏன் நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

சின்னம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள்; யாரைச் சொல்கிறார் என்பது போல. "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க. புள்ளைக்கு சோறு குடுத்துட்டுப் போயிடறேன்."

"உக்காருங்கம்மா. பொற்கொடி வருது."

"அம்மா, உள்ள வந்து உக்காரு. நனைஞ்சி காய்ச்சல் வந்தா யாரு பாக்கறது?" என்று பொற்கொடி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். சின்னம்மாள் ஸ்டூலின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவள் போல உட்கார்ந்தாள். தெய்வசிகாமணி மெஷினுக்குப் போய்விட்டார்.

மழை விடும் வரை இருந்தாள். மெஷினுக்குள் உருளை சுழல்வதையும், கட்டர் பாம்பு போல வளைந்து பள்ளம் எடுப்பதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பிலிருந்து நகர்ந்து ஸ்டூலில் நன்றாகவே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கா நீ படம் போடற?"

"ஆமாம்மா."

"போட்டாக்கா அது தானா இந்த வழியில போவுதா?"

"தானா போவாது. அண்ணன் வுடணும்."

சின்னம்மாள் மெஷினையும் பார்த்தாள், அதன் முன்னால் குனிந்து நின்றவரின் முதுகையும் பார்த்தாள். "பார்த்து வுடச் சொல்லு. சத்தத்துல பல்லு கூசுது" என்றாள். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ்ஸிலேயே போய்விடுவதாகச் சொல்லி, ஈரச் சாலையில் இறங்கி நடந்தாள்.